மூளைக்கல் நாலு முழம்

குருநகர்,
12.01.2025

அன்பு மருமகள் ஜெனிற்றாவுக்கு (இன்னும் ஏழு மாதத்தில் சிஸ்ரர் ஜெனிற்றாவுக்கு),

யேசுவுக்குப் புகழ்! உன் தாய்மாமன் செல்வரட்ணம் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். என் பிரஷர் எவ்வளவு திறமென்றால், போன கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் மற்ற நோயாளிகளைக் கூப்பிட்டு என் கையைக் காட்டிப் புத்தி சொன்னார். நீ சுகமா? அந்த மலைக் குளிரில் உன் பல் அடிக்கும் சத்தம் எங்கள் கரை வரைக்கும் கேட்கிறது. தேங்காய் எண்ணெய் உறையாமல் பார்த்துக்கொள்.

மடத்தில் போன் இல்லை, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம், வருவதையும் போவதையும் மதர் பியாட்றிஸ் வாசிப்பார் என்று அக்கா சொன்னார். நல்லது. மதர் அவர்களே, தங்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதலாம் பிள்ளை.

இனி விஷயம். மண்டைதீவுப் பக்கம் உல்லாசப் படகு விடப் போகிறார்களாம். அதற்குக் கொழும்பில் இருந்து ஒரு கொம்பனி வந்து கடலைத் தோண்டி வாய்க்கால் வெட்டப் போகிறது. வாய்க்கால் போகும் வழி எது தெரியுமா? உன் அப்பாவின் மூளைக்கல், அந்தப் பெரிய உயிர் முருகைக்கல், இருக்கும் வழி. சங்கக் கூட்டத்தில் கேதீஸ்வரன் என்ற அளவை அதிகாரி வந்து ரிப்போட் வாசித்தார். "இப்பகுதியில் இறந்த முருகைக்கற் (பவளப்பாறை) சிதைவுகள் மாத்திரமே உண்டு. உயிருள்ளவை எவையும் இல்லை." அந்தப் பக்கம் வலை கிழியும் என்று எல்லோரும் ஒதுங்கிப் போகிறவர்கள்தானே, யார் கண்டார்கள்?

நான் எழுந்தேன். பிள்ளை, நான் எழுந்தபோது மண்டபத்தில் மின்விசிறி தானாக நின்றது. "உயிருள்ள கல்லு இருக்கு. எங்கடை கோயில் மண்டபம் அளவு ஒண்டு இருக்கு. காலஞ்சென்ற என்ரை அத்தான் கிறிஸ்ரோபர் கண்டுபிடிச்சது. நான் காட்டுறன்" என்றேன். உள்ளங்கை நோகும்வரை கைதட்டினார்கள். சங்கத் தலைவர் எமில்ராஜ், "அண்ணை, காட்டாட்டி?" என்றான். "காட்டாட்டி என்ரை பேர் செல்வரட்ணம் இல்லை" என்றேன்.

எனக்கு இதெல்லாம் புதிதா? 2019இல் எங்கள் கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்டியபோது, நாற்பது அடி கிழக்கே தள்ளிக் கட்டுங்கள், சந்தியில் நின்றே தெரியட்டும் என்று பங்குச் சுவாமியிடம் சொன்னவன் யார்? நான். பழைய கோபுரம் இருந்த இடத்தில் மாதா சொரூபத்துக்குச் சின்னக் கெபி வைக்கச் சொன்னவன் யார்? அதுவும் நான்.

மறந்துவிட்டேன், உனக்கு ஒரு சின்னச் சோதனை. உன் அப்பா சின்ன வயதில் உன்னை வள்ளத்தில் ஏற்றிப் போய் மூளைக்கல்லின் குறியைச் சொல்லித் தந்தாரே, கரையில் எதையும் எதையும் நேர்ப்படுத்திப் பார்க்க வேண்டும் என்று, அது நினைவிருக்கிறதா? எழுது பார்ப்போம். உன் ஞாபகசக்தி மடத்துச் சாப்பாட்டில் குறைந்துவிட்டதா என்று அறியத்தான்.

உன் மாமா,
செல்வரட்ணம்


நவகன்னியர் இல்லம்,
ஹற்றன்,
01.02.2025

அன்புள்ள மாமா,

இயேசுவின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் சுகம். தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி? அவர் உங்களிடம் சொல்லமாட்டார், நீங்கள்தான் பார்த்து எழுத வேண்டும்.

மூளைக்கல் கோயில் மண்டபம் அளவா, மாமா? நான் மடத்துக்கு வரும்போது பஸ் அளவு என்றீர்கள். அதற்கு முதல் வருடம் மாட்டுவண்டி. அந்தக் கல் வருடத்துக்கு ஒரு நெல்மணி அளவுதான் வளரும் என்று அப்பா சொல்வார்.

அந்தக் கல்லைத் தோண்டப் போகிறார்கள் என்று வாசித்த அன்று செபமாலையில் எத்தனை மணி சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குச் சத்தம் இல்லை, ஓடவும் தெரியாது. அதனால்தான் செத்துவிட்டது என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள் போல.

உங்கள் சோதனைக்கு விடை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பதால் எழுதவில்லை. பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். நீங்களும் அப்பாவும் அந்த இடத்துக்குப் போகும்போது நீங்கள் வள்ளத்தில் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?

மார்ச் ஐந்தாம் திகதி விபூதிப் புதன். தவக்காலம் முழுவதும் எங்களுக்குக் கடிதம் இல்லை. வருவதை மதர் தன் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டி, ஏப்ரல் இருபதில் உயிர்த்த ஞாயிறு முடிந்துதான் தருவார். எழுதுவதானால் அதற்குமுன் எழுதுங்கள்.

அன்பு மருமகள்,
ஜெனிற்றா


குருநகர்,
27.02.2025

அன்பு மருமகளுக்கு,

யேசுவுக்குப் புகழ்! சுகம். அக்காவின் முழங்காலும் சுகம். நேற்று என்னைத் துரத்திக்கொண்டு வாசல் வரை ஓடி வந்தார், அந்த அளவுக்குச் சுகம். பதில் பிந்தியதற்கு வலை வேலை காரணம். இந்த மாதம் நான் பிடித்த பாரைமீனை இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

வள்ளத்தில் என்ன செய்வேன் என்று கேட்டாய். என்ன கேள்வி இது! வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் நிமிர்ந்து நிற்பேன். உன் அப்பா என்னைப் பார்ப்பார், நான் கையைக் காட்டுவேன், அவர் திருப்புவார். அவ்வளவுதான்.

மார்ச் பதினெட்டாம் திகதி கேதீஸ்வரன் தன் ஆட்களோடு வருகிறார். அடியில் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றும் கொண்டு வருவாராம். அதைத் தண்ணீரில் வைத்தால் கீழே இருப்பது தெரியும். அவரிடம் திசை சொல்லும் கருவியும் இருக்கிறது. ஆனால் எந்த இடம் என்று நாம் சொன்னால்தானே கருவிக்கும் தெரியும்?

மதர் அவர்கள் தயவுசெய்து அடுத்த பந்தியைத் தாண்டிப் போகவும்.

பிள்ளை, அந்தக் குறியை உடனே எழுதி அனுப்பு. எனக்குத் தெரியும், தெரியாமல் இல்லை. ஆனால் அரசாங்க விஷயம், எழுத்தில் இருந்தால் நல்லது. என் மனதில் இருப்பதும் நீ எழுதுவதும் ஒன்றுதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். ஒரு வரி போதும். தபாலட்டையில் எழுதினாலும் போதும்.

மதர் அவர்கள் இனி வாசிக்கலாம். இங்கே எல்லோரும் தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

மாமா,
செல்வரட்ணம்


குருநகர்,
20.03.2025

அன்பு மருமகளுக்கு,

யேசுவுக்குப் புகழ்! நீ இதை உயிர்த்த ஞாயிற்றுக்குப் பிறகுதான் வாசிப்பாய் என்று தெரியும். நல்ல செய்தி பழுதாகாது, லாச்சியில் இருக்கட்டும்.

பதினெட்டாம் திகதி போனோம். கரை நிறையச் சனம். நான் அணியத்தில். கேதீஸ்வரனும் இரண்டு பேரும் நடுவில். நாலு மணித்தியாலம் கண்ணாடிப் பெட்டியால் பார்த்தார்கள். பிள்ளை, பார்த்ததைப் பற்றி அவர்களால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை! திரும்பி வரும் வழி முழுக்க வாயே திறக்கவில்லை. இப்படி ஒரு இடத்தைத் தன் உத்தியோக காலத்தில் பார்த்ததே இல்லை என்று கேதீஸ்வரன் சொன்னார். மறுபடியும் வர வேண்டும் என்று அவரே மே பதினேழாம் திகதியைக் குறித்திருக்கிறார்.

சனத்தின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டு நாளாகச் சந்தியில் என் பேர்தான்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் வெயில் பிடித்துவிட்டது, அதனால் வெளியே போகவில்லை.

செல்வரட்ணம்


குருநகர்,
02.04.2025

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமாய் இரு. சேலைக்குள் கம்பளிச் சட்டை போடு. என் முழங்காலைப் பற்றி மாமா ஏதும் எழுதியிருந்தால் நம்பாதே. மற்றவற்றையும்தான்.

பதினெட்டாம் திகதி உன் மாமா அதிகாரிகளைச் சேற்றுக்குமேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். நாலு மணித்தியாலம். கண்ணாடிப் பெட்டியில் தெரிந்தது ஒரு பழைய லொறி ரயர் மட்டும். கரைக்கு வந்தபோது சனம் விடவில்லை. "செல்வரட்ணம் அண்ணை, உங்கடை கல்லு நீந்திப் போட்டுதோ?" "அண்ணை, ரயரிலை உயிர் இருந்ததோ?" அன்றையில் இருந்து பூசைக்குக்கூடப் பின்வாசலால் வந்து பின்வாசலால் போகிறான். சோறு கொண்டுபோனால் சாப்பிட்டுவிட்டேன் என்கிறான். முதலாம் பிள்ளையாம். அந்த வருடம் வகுப்பில் மூன்று பேர்.

போவதற்கு முதல்நாள் என்னிடம் வந்து குறியைக் கேட்டான். எனக்குத் தெரிந்தது கோயில் கோபுரமும் ஐஸ் போடும் ஆலையின் தண்ணீர்த் தாங்கியும் என்ற அளவு மட்டும். உன் அப்பா எனக்கே அதற்குமேல் சொல்லவில்லை. "குறி பெட்டைக்குச் சீதனம்" என்று சிரிப்பார். அதைச் சொன்னேன். அதை வைத்துத்தான் போனான். ஏன் பிழைத்தது என்று தெரியவில்லை.

மே பதினேழுதான் கடைசித் தவணை. அன்று காட்டாவிட்டால் அடுத்த கிழமை தோண்டத் தொடங்குவார்கள். இயந்திரம் ஏற்றிய தெப்பம் இப்போதே வந்து துறையில் நிற்கிறது. கோயிலுக்குப் போகும்போது அதைப் பார்க்காமல் போக முடியவில்லை.

உன் அம்மா,
மரியநாயகி


ஹற்றன்,
21.04.2025

அன்புள்ள மாமா,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். மதர் லாச்சியைத் திறந்து மூன்று கடிதங்கள் தந்தார். உங்களுடையவை இரண்டு (முதலாவதும் விபூதிப் புதனுக்குப் பிந்தித்தான் வந்திருக்கிறது), அம்மாவுடையது ஒன்று. எழுதிய வரிசையிலேயே வாசித்தேன். சுகமா என்று கேட்கமாட்டேன். அம்மா கொண்டுவரும் சோற்றைச் சாப்பிடுங்கள்.

மாமா, உங்களுக்கு அந்த இடம் தெரியாது.

நானும் வள்ளத்தில் இருந்திருக்கிறேன். மூளைக்கல் கிட்டவரும்போது அப்பா, "செல்வா, தண்ணி இறை" என்பார். நீங்கள் குனிந்து வாளியால் இறைப்பீர்கள். வள்ளத்தில் தண்ணீர் இல்லாத நாட்களிலும் "இறை" என்பார். நீங்களும் இல்லாத தண்ணீரை இறைப்பீர்கள். கரையை நிமிர்ந்து பார்க்க அவர் உங்களை ஒருநாளும் விடவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். சொன்னார்.

குறி என்னிடம் இருக்கிறது. ஆனால் அப்பா ஏன் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை என்பதை முதலில் நீங்கள் எழுத வேண்டும். உங்கள் கையால், ஒன்றும் கூட்டாமல். நீங்கள் எழுதாவிட்டால் நான் தரமாட்டேன். இதைச் சொல்ல நான் யார் என்று கோபம் வரும். வரட்டும். அந்தக் கல்லைத் தன் சொந்தக்காரருக்கே காட்டாமல் அப்பா இருபத்தைந்து வருடம் காத்தார். அதை ஒருவர் கையில் கொடுப்பதென்றால், அந்தக் கை முன்பு என்ன செய்தது என்பதை அந்தக் கையே சொல்ல வேண்டும்.

மதர் இந்தக் கடிதத்தை வாசித்து, கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே என்றார். ஓம் மதர் என்றேன். அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

அன்பு மருமகள்,
ஜெனிற்றா


குருநகர்,
30.04.2025

ஜெனிற்றாவுக்கு,

சுகம். பிரஷர் மட்டும் நூற்றெண்பதுக்குப் போய்விட்டது. டொக்டர் கருவி பழுதென்று நினைத்து வேறு கருவி எடுத்தார்.

இன்னும் துறவற வார்த்தைப்பாடு கொடுக்காத பெட்டை, தாய்மாமனைப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிடுகிறாயா? அதற்குச் சுவாமி இருக்கிறார். உன்னைத் தோளில் வைத்துப் பெருநாள் பார்க்கக் கொண்டுபோனவன் நான். உன் குறி எனக்குத் தேவையில்லை. கடலை மணந்து பார்த்தே கல் இருக்கும் இடத்தைச் சொல்வேன். பதினேழாம் திகதி பார்.

மதர், இந்தமுறை எல்லாப் பந்தியையும் வாசியுங்கள். பிள்ளையை எப்படி வளர்க்கிறீர்கள் என்று தெரியட்டும்.

செல்வரட்ணம்


குருநகர்,
04.05.2025

மகள்,

போன கடிதத்தைக் கிழித்துவிடு.

எண்பத்தைந்தாம் ஆண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. கோயிலின் பழைய கோபுரத்துக்குச் சுண்ணாம்பு பூச வேண்டியிருந்தது. சூளைக்காரன் சுட்டுச் சுண்ணாம்பாக்க முருகைக்கல் கேட்டான். மூளைக்கல்லுக்குத் தெற்கே அப்போது இன்னொரு முருகைக்கற் பார் இருந்தது. கன்னிப்பார் என்பார்கள். எனக்கு அதன் குறி தெரியும். சொன்னது உன் அப்பா. அக்காவைக் கட்டின புதிது, மச்சான் என்று நம்பிச் சொன்னார்.

நான் கல் பெயர்க்கும் அலவாங்கோடு இறங்கினேன். உடைக்கும்போது அது கல்லைப் போலத்தான் இருந்தது. வள்ளம் நிறைய ஏற்றிக் கரையில் குவித்தேன். மூன்றாம் நாள் குவியல் மணக்கத் தொடங்கியது. அழுகின மீன் மணம். ஈ மொய்த்தது. அப்போதுதான் அது கல் மட்டும் இல்லை, உள்ளே உயிர் இருந்தது என்று தெரிந்தது.

தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு வள்ளம் ஏற்றினேன். சூளைக்காரன் என்னைக் கெட்டிக்காரன் என்றான். அதற்காக.

உன் அப்பா வந்து குவியலைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து மணந்து பார்த்துவிட்டு வைத்தார். அடுத்த நாளும் என்னைத் தொழிலுக்குக் கூட்டிப் போனார். அன்றுதான் முதன்முதலாக, "செல்வா, தண்ணி இறை" என்றார். சாகும்வரை வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் இறைக்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இறைத்தேன்.

கன்னிப்பார் இருந்த இடத்தில் இப்போது மணல்தான். நாற்பது வருடம். ஒரு நெல்மணிகூட இல்லை.

மூளைக்கல்லை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். இறைக்கும்போது வாளி கைதவறி விழுந்துவிட்டது. எட்டிப் பார்த்தேன். கீழே பழுப்பும் பச்சையுமாக, மடிப்பு மடிப்பாக இருந்தது. எவ்வளவு பெரிது என்று தெரியாது. அத்தான் வள்ளத்தைத் திருப்பிவிட்டார்.

இதுதான். நீ குறி தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி. உன் அம்மா தந்த சோற்றைச் சாப்பிட்டேன்.

செல்வரட்ணம்


ஹற்றன்,
09.05.2025

அன்புள்ள மாமா,

இயேசுவின் சமாதானம். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலில் நெடுநேரம் இருந்தேன். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

அப்பா எனக்குச் சொன்னது ஒரு வள்ளம்தான். மற்ற இரண்டையும் இன்றுதான் அறிந்தேன்.

இந்த மாதக் கடிதத்தை மூன்றாம் திகதியே அம்மாவுக்கு எழுதிவிட்டேன். இது கணக்கில் இல்லாத கடிதம். மதர் அனுமதி தந்தார்.

வார்த்தைப்பாடு எடுக்கும் முன் எங்களிடம் இருக்கும் உடைமையை யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்குக் காணியும் நகையும் இருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒன்றுதான். அதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்கு என்று எழுதவில்லை, கோபிக்க வேண்டாம். ஒரு ஆளிடம் மட்டும் இருக்கும் குறி அந்த ஆளோடு போய்விடும். அப்பா காத்தது சரி. ஆனால் தனியாகக் காத்ததால்தான் இன்று அதற்காகக் கதைக்க ஒருவரும் இல்லை.

அம்மா எழுதியதை வாசித்தபோதே நீங்கள் ஏன் சேற்றில் நின்றீர்கள் என்று விளங்கிவிட்டது. நீங்கள் பார்த்தது புதுக் கோபுரத்தை! அப்பாவின் குறி பழைய கோபுரம். கரையில் நாற்பது அடி தள்ளினால் கடலில் எவ்வளவு தள்ளும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தள்ளிக் கட்டச் சொன்னது யார் என்று மட்டும் கேட்கமாட்டேன்.

ஜெனிற்றா

(உள்ளே வைத்த தாள்)

குருநகர்க் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் எமில்ராஜ் அவர்களுக்கு.

என் தந்தை கிறிஸ்ரோபர் எனக்குச் சீதனமாகத் தந்த மூளைக்கல்லின் குறியை, எங்கள் கரையில் வள்ளம் உள்ள எல்லோருக்கும் கொடுக்கிறேன்.

ஒன்று: பழைய கோபுரம் நின்ற இடமும், அதன் பின்னால் ஐஸ் ஆலைத் தாங்கியின் வலது விளிம்பும் ஒரே நேராக வர வேண்டும். அந்த இடத்தில் இப்போது இருக்கும் கெபி கடலில் இருந்து தெரியாது. அங்கே உயரமாக ஏதாவது நட வேண்டும்.

இரண்டு: அந்த நேரை விடாமல் போக, மண்டைதீவுக் கரையில் இரட்டைப் பனையும் ஒரே பனையாகத் தெரிய வேண்டும். தெரியும் இடத்தில் கீழே பாருங்கள்.

நிபந்தனை: கல்லின்மேல் நங்கூரம் போடக்கூடாது. மணலில் போடுங்கள்.

இதை என் மாமா செல்வரட்ணம் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். இது தனக்கு இதுவரை தெரியாது என்று முதலில் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும்.

ஜெனிற்றா கிறிஸ்ரோபர்

(பின்பக்கத்தில், வேறு கையெழுத்தில்)

செல்வரட்ணம் ஐயாவுக்கு, தாண்டிப் போகச் சொன்ன பந்தியைத்தான் நான் முதலில் வாசித்தேன். பதினேழாம் திகதி காலைப் பூசை உங்கள் கல்லுக்காக. மதர் பியாட்றிஸ்.


குருநகர்,
20.05.2025

அன்பு மருமகள் ஜெனிற்றாவுக்கும் மதர் பியாட்றிஸ் அவர்களுக்கும்,

யேசுவுக்குப் புகழ்! இருவரும் சுகமா? நான் சுகம். பிரஷர் நூற்று நாற்பது. டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்தாம் திகதி கூட்டத்துக்கு முன்வாசலால் போனேன். ஐந்நூறு பேர்... இல்லை, எழுபது பேர் இருக்கும். எழுந்து, "மூளைக்கல்லு இருக்கிற இடம் எனக்குத் தெரியாது. ஒருநாளும் தெரியாது" என்றேன். மின்விசிறி நிற்கவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். எமில்ராஜ் எழுந்து, "அண்ணை, உது எங்களுக்கு இருபது வருஷமாத் தெரியும். மிச்சத்தை வாசியுங்கோ" என்றான். பிறகுதான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

கன்னிப்பாரையும் சொன்னேன். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு கிழவர், "நானும் ரெண்டு வள்ளம் ஏத்தினனான், தம்பி" என்றார்.

பதினேழாம் திகதி விடிய, கெபிக்கு முன்னால் திருநாள் கொடிமரத்தை நட்டோம். திருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கிறது, சுவாமி என்ன சொல்வாரோ என்று பயந்தோம். அவரே கயிற்றைப் பிடித்தார். மேலே சிவப்புக் கொடி. சரியாமல் அடியில் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றது உன் அம்மா. முழங்கால் நோகும், இருங்கோ அக்கா என்றேன். "உன்ரை வேலையைப் பார்" என்றார்.

நாற்பது வள்ளம் வந்தது என்று எழுதத்தான் கை போகிறது. பத்தொன்பது. எமில்ராஜின் வள்ளத்தில் நானும் கேதீஸ்வரனும் கொம்பனி ஆள் ஒருவரும். என்னை அணியத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். ஆனால் பிள்ளை, கொடியும் தாங்கியும் நேராக வந்து, வள்ளம் அந்தப் பக்கம் திரும்பினதும் என் தலை தானாகக் குனிந்துவிட்டது. கை வாளியைத் தேடியது. இருபத்தைந்து வருடப் பழக்கம். எமில்ராஜ் பின்னால் இருந்து, "அண்ணை, நிமிருங்கோ! பனையைப் பாக்கிறது ஆர்?" என்று கத்தினான்.

நிமிர்ந்தேன். இரண்டு பனை. கொஞ்சம் போக, ஒன்றை ஒன்று தொட்டது. இன்னும் கொஞ்சம். ஒரே பனை.

"நிப்பாட்டு. நங்கூரத்தை மணலிலை போடு" என்றேன்.

கேதீஸ்வரன் கண்ணாடிப் பெட்டியை வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, "ஐயா, நீங்களும் பாருங்கோ" என்று இடம் விட்டார். பார்த்தேன். இரண்டு ஆள் ஆழத்தில், ஆட்டுமூளையைப் போல மடிப்பு மடிப்பாக, பழுப்பும் பச்சையும். சின்ன மீன்கள் மடிப்புக்குள் போய்ப் போய் வந்தன. சுற்றிவரச் சின்னதாக இன்னும் பதினொரு கல், எல்லாம் உயிரோடு. பெரிய கல்லின் ஓரத்தில் மணலில் பாதி புதைந்து என்ன கிடந்தது தெரியுமா? நான் கைதவற விட்ட வாளி. அதன் விளிம்பில் காசளவுக்கு ஒன்று, பச்சையாக, முளைத்திருந்தது. இதை நான் கூட்டவில்லை, மதர். கேதீஸ்வரன் படம் எடுத்திருக்கிறார், கேட்டுப் பார்க்கலாம்.

கொம்பனி ஆளும் பார்த்தார். "ஒரு பெரிய கல்லுத்தானே? கழட்டி வேறை இடத்திலை வைக்கலாம்" என்றார். எமில்ராஜ், "உங்கடை மூளையைக் கழட்டி வேறை இடத்திலை வைச்சாப் பிறகு வந்து கதையுங்கோ" என்றான். பத்தொன்பது வள்ளமும் சிரித்தது. அவர் விடவில்லை. "இது ஆரின்ரை சொத்து? எழுத்து ஏதும் இருக்கோ?" என்று என்னைக் கேட்டார். உன் தாளை எடுத்து நீட்டினேன். இரண்டு முறை வாசித்தார். "இதிலை ஒரு ஆளின்ரை பேர் இல்லையே" என்றார். "ஓம். நீங்கள் எல்லாரையும் கேக்கோணும்" என்றேன்.

கேதீஸ்வரன் அந்த இடத்திலேயே பழைய ரிப்போட்டில் இருந்த வரியை வெட்டி, "உயிருள்ள முருகைக்கற்கள் உண்டு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். தோண்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. இயந்திரம் ஏற்றிய தெப்பம் இன்னும் துறையில்தான் நிற்கிறது. வேறு ஆட்களைக் கொண்டுவந்து மறுபடி அளப்பார்களாம். அளக்கட்டும். முறை வைத்து ஒவ்வொரு நாளும் மூன்று வள்ளம் அங்கே போய் நிற்கிறோம், நங்கூரம் மணலில். கொடிமரத்தை இறக்கவில்லை. திருநாள் முடிந்தாலும் இறக்கப் போவதில்லை என்று சுவாமியே சொல்லிவிட்டார்.

அன்று அந்த இடத்தை விட்டுப் போகமுன் கேதீஸ்வரன் ஒன்று கேட்டார், ரிப்போட்டில் எழுத. "ஐயா, கல்லு எவ்வளவு பெரிசு?" வள்ளத்தில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எமில்ராஜ் சிரிக்கத் தயாராக நின்றான். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினேன். அறுபத்திரண்டு வயதில், எண்பத்தைந்துக்குப் பிறகு முதல் தடவை. கையில் அலவாங்கு இல்லை. கல்லில் உடம்பு படாமல் அளந்துகொண்டு ஏறினேன்.

நாலு முழம், மகள். நாலே நாலு முழம். வருடத்துக்கு ஒரு நெல்மணி என்றால் நீயே கணக்குப் பார்த்துக்கொள். முடிச்சுப் போட்ட கயிறு என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஆர் வந்து கேட்டாலும் அதைத்தான் காட்டுவேன்.

உன் வார்த்தைப்பாட்டுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். எங்கள் மூன்று வள்ளத்தின் முறை வராத நாளாக வைக்கச் சொல்லி மதரிடம் கேள்.

உன் மாமா,
செல்வரட்ணம்